பக்கத்து சீட்டில் இருந்தவர்

லாரியில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஸ்டியரிங் டிரைவர் கையில் இருக்கும், ஆனால் இடது பக்கம் முழுக்க கிளீனர் பையனின் ராஜ்ஜியம். தலையை வெளியே நீட்டி "ரைட்டு... ரைட்டு... வரலாம்" என்பான். சில சமயம் வாயே திறக்க மாட்டான், கதவுத் தகரத்தில் தட்டுவதோடு சரி. அந்தத் தட்டை நம்பி பத்து டன் சரக்கோடு டிரைவர் வண்டியைத் திருப்புவார். கிளீனர் தப்பாகத் தட்டினால் என்ன ஆகும்னு அவர் யோசிக்கவே மாட்டார். யோசித்தால் ஓட்ட முடியாது.

போன மாதம் 1955-ஆம் வருஷத்து கார் பந்தயம் ஒன்றைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் கார், 1,597 கி.மீ. தூரம், இத்தாலியின் நாட்டுச் சாலைகள். பந்தயத்தின் பெயர் மில்லே மில்யா, அதாவது ஆயிரம் மைல். ஜெயித்தவர் ஸ்டிர்லிங் மாஸ் என்ற இங்கிலாந்துக்காரர், அப்போது அவருக்கு வயது 25. அவரைப் பற்றிப் படிப்பதற்குப் பஞ்சமே இல்லை. எனக்கோ படிக்கப் படிக்க அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாடிக்காரர் மேல்தான் கவனம் போனது. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. அவர் வழியாக இன்னும் சிலரைப் பற்றியது.

முதலில் பந்தயத்தைப் பார்த்துவிடுவோம். 1927-இல் ப்ரேஷா என்ற வட இத்தாலிய ஊரில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தது இது. ப்ரேஷாவில் கிளம்பி, கிழக்கே அட்ரியாட்டிக் கடலோரமாக பெஸ்காரா வரை இறங்கி, மலையைத் தாண்டி ரோம் வந்து, அங்கிருந்து வடக்கே ஃப்ளாரன்ஸ், பொலோன்யா வழியாகத் திரும்ப ப்ரேஷா. ஒரே ஒரு சுற்றுதான். பந்தயத்துக்கென்று கட்டின மைதானம் கிடையாது. வெள்ளிக்கிழமை காய்கறி வண்டி போகிற அதே சாலையில், ஞாயிற்றுக்கிழமை பந்தயக் கார் போகும். ஊர்களுக்கு நடுவே, சர்ச் வாசலை ஒட்டி, குறுகின தெருக்கள் வழியாக. சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள், பல இடங்களில் தடுப்புகூட இல்லாமல், நம்ம ஊர் தேர்த்திருவிழா மாதிரி நின்றிருப்பார்கள்.

வண்டிகளை ஒன்றன் பின் ஒன்றாகத்தான் விடுவார்கள். சின்ன வண்டிகள் முதல் நாள் ராத்திரியே கிளம்பிவிடும். பெரிய, வேகமான வண்டிகள் மறுநாள் காலையில் கடைசியாக. கிளம்புகிற நேரம்தான் வண்டியின் நம்பர். மாஸின் காரில் 722 என்று சிவப்பில் எழுதியிருக்கும். மே 1-ஆம் தேதி காலை 7 மணி 22 நிமிடத்துக்குக் கிளம்பிய கார் என்று அர்த்தம். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடைசியில் கிளம்புகிற வேகமான வண்டி, முன்னால் போய்க்கொண்டிருக்கிற நூற்றுக்கணக்கான மெதுவான வண்டிகளை வழியெல்லாம் முந்தியாக வேண்டும்.

கார், மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். மூணு லிட்டர், வரிசையாக எட்டு சிலிண்டர், சுமார் 300 குதிரைசக்தி. உடம்பு மக்னீசியக் கலப்பு உலோகம், எடை குறைய வேண்டும் என்பதற்காக. நம்ம பழைய அம்பாசடரைவிட எடை குறைவு, சக்தியோ அஞ்சாறு மடங்கு. கூரை கிடையாது. முன்னால் தாழ்வாக ஒரு கண்ணாடித் தடுப்பு, அவ்வளவுதான். சீட் பெல்ட்டும் கிடையாது.

இதற்குள் ஏறி உட்கார்ந்தவர் டெனிஸ் ஜென்கின்சன். 'மோட்டார் ஸ்போர்ட்' என்ற இங்கிலாந்துப் பத்திரிகையின் நிருபர். குள்ளமான உருவம், சிவந்த தாடி, மூக்குக்கண்ணாடி. பத்திரிகைக்காரர் எப்படி இந்த வண்டியில் என்று கேட்கலாம். அவருக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. மோட்டார் சைக்கிளோடு பக்கவாட்டில் ஒரு சக்கரம் சேர்ந்த 'சைடுகார்' பந்தயம் உண்டு. அதில் ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் வளைவுகளில் உடம்பை வெளியே தள்ளி, தரையை உரசுகிற மாதிரி சாய்ந்து, வண்டி கவிழாமல் பார்த்துக்கொள்வார். 1949-இல் எரிக் ஆலிவர் சைடுகார் உலக சாம்பியன் ஆனபோது, அந்த இரண்டாவது ஆள் இந்த ஜென்கின்சன்தான். ஸ்டியரிங் இன்னொருத்தர் கையில் இருக்கும்போது நிதானமாக உட்காருவது அவருக்கு ஏற்கெனவே கைவந்த கலை.

பிரச்சினை என்னவென்றால், இத்தாலிய ஓட்டுநர்களுக்கு அந்தச் சாலைகள் அத்துப்படி. வெளியூர்க்காரர் 1,600 கி.மீ. சாலையில் எந்த வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வார்? இதற்கு ஒரு வழியை ஜென்கின்சன் முதலில் பேசியது மாஸிடம் இல்லை. ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்க ஓட்டுநரிடம். அவரும் மெர்சிடிஸ் அணிதான். சாலையை முன்கூட்டியே போய்ப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் எழுதி வைத்துக்கொள்வது, பந்தயத்தின்போது பக்கத்தில் இருப்பவர் அதைப் படித்துச் சொல்வது. ஆனால் ஃபிட்சுக்குக் கிடைத்தது வேகம் குறைந்த 300 எஸ்.எல். மொத்தப் பந்தயத்தை ஜெயிக்கக்கூடிய கார் மாஸிடம் இருந்தது. ஃபிட்ச் என்ன செய்தார் தெரியுமா? "நீ அவரோட போ" என்கிற மாதிரி ஜென்கின்சனை விட்டுக்கொடுத்துவிட்டார். இந்த ஃபிட்ச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

மாஸும் ஜென்கின்சனும் பந்தயத்துக்கு முன்பே இத்தாலிக்குப் போய் அந்தச் சாலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். ஜென்கின்சன் எழுதிக்கொண்டே வந்தார். வழுக்குகிற வளைவு எது, ரயில்வே கேட் எங்கே, எந்த மேட்டில் கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் மறுபக்கம் சாலை நேராகத்தான் போகிறது. எல்லாவற்றையும் ஒரே நீளக் காகிதமாக்கியபோது அது 5 மீட்டருக்கும் மேல் வந்தது. அதைச் சுருட்டி ஒரு அலுமினியப் பெட்டிக்குள் வைத்தார்கள். மேலே ஒரு கண்ணாடி ஜன்னல், பக்கத்தில் திருகுகிற குமிழ். திருகத் திருக காகிதம் ஒரு உருளையிலிருந்து இன்னொரு உருளைக்குப் போகும். மழை பெய்தாலும் நனையாது, காற்றும் பிடுங்காது. கூரையில்லாத காரில் வெறும் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தால், அது அடுத்த ஜில்லாவில்தான் கிடைக்கும்.

சரி, படித்ததை எப்படிச் சொல்வது? அந்த எஞ்சின் இரைச்சலிலும் காற்றிலும் கத்தினாலும் கேட்காது. காதுக்குள் கேட்கிற மாதிரி பேசும் கருவி ஒன்றை முயற்சி செய்து பார்த்தார்கள். அது பிரயோஜனப்படவில்லை. காரணம் சுவாரஸ்யமானது. மாஸ் எல்லைக்கோட்டில் ஓட்டும்போது அவர் மூளை முழுக்க ஓட்டுவதிலேயே இருந்தது, காதில் விழுகிற பேச்சு உள்ளே இறங்கவில்லை. கண் வேலை செய்யும், காது வேலை செய்யாது. அதனால் கைஜாடைக்கு மாறினார்கள். இந்த அசைவென்றால் மெதுவான வளைவு, அந்த அசைவென்றால் மிதிச்சுக்கிட்டே போ. நம்ம கிளீனர் பையன் கதவில் தட்டுவது மாதிரிதான்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நேர்ச்சாலைகளில் அந்தக் கார் மணிக்கு 270 கி.மீ. வேகத்தைத் தொட்டது. நொடிக்கு 75 மீட்டர். எதிரே ஒரு மேடு. மேட்டுக்கு அப்பால் சாலை இடது பக்கம் போகிறதா, வலது பக்கமா, நேராகவா, தெரியாது. எந்த மனுஷனும் இயற்கையாகவே காலை எடுப்பான். ஆனால் பக்கத்தில் ஒரு கை "நேர்தான், போ" என்கிறது. மாஸ் காலை எடுக்காமல் போனார். ஒரு தடவை இல்லை, ஒரு நாள் முழுக்க. பெஸ்காராவுக்கு முன்னால் ஒரு மேட்டுப் பாலத்தை அவர்கள் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். கார் தரையை விட்டுக் கிளம்பி, நாலு சக்கரமும் அந்தரத்தில் பறந்தது. மாஸ் ஸ்டியரிங்கை அசைக்காமல் நேராகவே பிடித்திருந்தார். கார் வந்து நேராகவே உட்கார்ந்தது.

எல்லாம் சரியாக நடந்ததென்று சொல்ல முடியாது. படுவா நகரத்தில் ஒரு திருப்பத்தில் கார் வழுக்கி வைக்கோல் கட்டில் இடித்தது. அந்த நேரம் பார்த்து, பின்னால் ஃபெராரியில் வந்த கஸ்டெல்லோட்டி சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார். (பிறகு டயரைத் தேய்த்து, எஞ்சினும் பழுதாகி அவர் விலகவேண்டி வந்தது.) ஜென்கின்சனுக்கு வழியில் குமட்டல். தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தபோது காற்று மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கண்ணாடி இல்லாமல் குறிப்பைப் படிக்க முடியாது, குறிப்பைப் படிக்காமல் அந்த வேகத்தில் போக முடியாது. நல்லவேளை, மனுஷன் இன்னொரு ஜோடி கொண்டுவந்திருந்தார். இந்தப் பந்தயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விவரம் இதுதான். 300 குதிரைசக்தியும் ஒரு மாற்றுக் கண்ணாடியை நம்பித்தான் இருந்தது.

மாலையில் 722 ப்ரேஷா திரும்பியபோது ஆகியிருந்த நேரம் 10 மணி 7 நிமிடம் 48 நொடி. சராசரி வேகம் மணிக்கு 157.65 கி.மீ. ஊர்கள், மலைப்பாதைகள், பெட்ரோல் போட நின்றது எல்லாம் சேர்த்து. இரண்டாவதாக வந்தவர் ஃபாஞ்சியோ. அதே மாதிரி கார், அந்தக் காலத்தின் ஆகப்பெரிய ஓட்டுநர், ஆனால் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. எஞ்சினிலும் கோளாறு. 32 நிமிடம் பின்தங்கினார். இந்தச் சாதனை நேரத்தை அதற்கப்புறம் யாராலும் முறியடிக்க முடியவில்லை. ஜென்கின்சன் இல்லாமல் ஜெயித்திருக்க முடியாது என்பதை மாஸே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஃபிட்ச் தன்னுடைய 300 எஸ்.எல்.லில் அஞ்சாவதாக வந்தார்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தோடு முடிந்துவிடும். எனக்கு இங்கேதான் ஒரு உறுத்தல் ஆரம்பித்தது.

அந்தக் காகிதச் சுருள் காருக்குள் இருந்த இரண்டு பேருக்குச் சாலையைக் காட்டியது. வளைவுக்கு அந்தப்பக்கம் நின்றவர்களுக்கு அது எதைக் காட்டியது? இவர்களிடம் தகவல் கூடக்கூட, அதையெல்லாம் வேகமாக மாற்றிக்கொண்டார்கள். சாலையோரம் நின்றவரிடம் எந்தச் சுருளும் இல்லை.

ஆறு வாரம் கழித்து, 1955 ஜூன் 11. பிரான்சில் லெ மான் நகரத்தின் 24 மணி நேரப் பந்தயம். மாலை ஆறரை மணி சுமாருக்கு, ஹாதார்னின் ஜாகுவார் பெட்ரோல் போட ஓரம்கட்டி வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த மேக்லினின் ஆஸ்டின் ஹீலி அதைத் தவிர்க்க விலகியது. அதன் பின்னால் ஒரு 300 எஸ்.எல்.ஆர்., மாஸ் ஓட்டி ஜெயித்த அதே ரகம். ஓட்டியவர் பியர் லெவெ. ஆஸ்டினின் பின்பக்கத்தில் ஏறிய கார் பறந்து மண்மேட்டில் மோதிச் சிதறியது. எஞ்சினும் அச்சும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. எடை குறைய வேண்டும் என்று போட்ட மக்னீசியம் தீப்பிடித்து எரிந்தது. லெவெயும், 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் செத்துப்போனார்கள்.

அந்தக் காரை லெவெயோடு மாறி மாறி ஓட்ட வேண்டியிருந்தவர் யார் தெரியுமா? ஜான் ஃபிட்ச். அவர் முறை வருவதற்குள் விபத்து நடந்துவிட்டது. இத்தனை பேர் செத்த பிறகு மெர்சிடிஸ் தொடர்ந்து ஓடக்கூடாது, விலகிவிடலாம் என்று அணியில் வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். அந்த நேரத்தில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தது மாஸும் ஃபாஞ்சியோவும் ஓட்டிய மெர்சிடிஸ்தான். நள்ளிரவுக்குப் பிறகு அணி விலகியது. அந்த வருஷக் கடைசியில் மெர்சிடிஸ் பந்தயத்தையே விட்டுவிட்டது.

மில்லே மில்யா மட்டும் நிற்கவில்லை. இன்னும் இரண்டு வருஷம் நடந்தது. 1957 மே 12, ப்ரேஷா எட்டிவிடும் தூரத்தில், குயிதிட்சோலோ என்ற ஊர்ப் பக்கம் நேர்ச்சாலை. ஸ்பெயின் நாட்டுப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த அல்ஃபோன்சோ டி போர்டாகோ ஓட்டிவந்த ஃபெராரியின் டயர் வெடித்தது. கார் சாலையை விட்டுப் பாய்ந்தது. பார்வையாளர்கள் 9 பேர் செத்தார்கள், அதில் 5 பேர் குழந்தைகள். டி போர்டாகோவும் செத்தார். பக்கத்து சீட்டில் இருந்தவரும் செத்தார். அவர் பெயர் எட்மண்ட் நெல்சன், டி போர்டாகோவின் அமெரிக்க நண்பர். ஜென்கின்சன் உட்கார்ந்த மாதிரி ஒரு சீட்தான் அதுவும். டயர் வெடிக்கப் போகிறது என்பதற்கு எந்தக் கையாலும் ஜாடை காட்ட முடியாது.

மில்லே மில்யா பழைய வடிவில் அத்தோடு முடிந்தது. என்ஸோ ஃபெராரி மேல் வழக்குப் போட்டார்கள், 1961-இல் விடுவித்தார்கள். வழக்கின் கேள்வி டயரைப் பற்றியது. ஆனால் சாலையோரம் குழந்தைகள் நிற்கும்போது நொடிக்கு எழுபது மீட்டர் போகலாமா என்ற கேள்வி, பந்தயம் நடந்த ஒவ்வொரு வருஷமும் அந்தச் சாலையிலேயே நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் அது கண்ணில் படவில்லை என்று சொல்ல முடியாது. 1938-லேயே பொலோன்யாவில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து, குழந்தைகள் உட்படப் பலர் செத்து, பந்தயத்தை நிறுத்திவைத்து, பிறகு திரும்ப ஆரம்பித்திருந்தார்கள்.

இப்போது திரும்ப ஃபிட்ச்சிடம் வருவோம். ஓட்டுவதை விட்ட பிறகு, சாலையில் மோதுகிறவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்ற யோசனையிலேயே அவர் மிச்ச வாழ்க்கையின் பெரும்பகுதியைச் செலவழித்தார். 1960-களில் அவர் உருவாக்கியது பார்க்க ரொம்பச் சாதாரணமான ஒரு பொருள். மஞ்சள் பிளாஸ்டிக் பீப்பாய், உள்ளே மணல். நெடுஞ்சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில், கான்கிரீட் முனைக்கு முன்னால் இவற்றை வரிசையாக வைப்பார்கள். முதல் பீப்பாயில் மணல் கொஞ்சம், போகப்போக அதிகம். மோதுகிற கார் ஒவ்வொரு பீப்பாயாக உடைத்துக்கொண்டு, தன் வேகத்தை மணலுக்குக் கொடுத்துக் கொடுத்து நிற்கும். கான்கிரீட்டில் மோதினால் ஒரே கணத்தில் நடப்பது, இங்கே கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். வேகம் மூணு மடங்கானால் கார் சுமக்கிற ஆற்றல் ஒன்பது மடங்கு ஆகிறது. அதை எங்கேயாவது இறக்கியாக வேண்டும். மனுஷ உடம்பில் இறக்குவதற்குப் பதில் மணலில் இறக்கலாம் என்பதுதான் அவர் யோசனை. இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் இருந்தபோது, குண்டிலிருந்து தப்பிக்கக் கூடாரத்தைச் சுற்றி மணல் நிரப்பின எரிபொருள் டின்களை அடுக்கியது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இன்றும் அந்தப் பீப்பாய்களைப் பார்க்கலாம். ஃபிட்ச் 2012-இல், 95 வயதில் காலமானார்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு சொந்த விஷயம் ஞாபகம் வந்தது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கல்லூரி முடித்த வருஷம். நண்பன் ஒருத்தன் பழைய ஜீப் வாங்கியிருந்தான். மேலே இருந்த தார்ப்பாயைக் கழற்றிவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனோம். நூறைத் தாண்டியதும் சட்டை படபடக்க, கண்ணில் தண்ணீர் வர, இரண்டு பேரும் சும்மா சிரித்துக்கொண்டே இருந்தோம். ஏன் சிரித்தோம் என்று கேட்டால் தெரியாது. மூடின காரில் அதே வேகம் ஒன்றும் தெரியாது, திறந்த வண்டியில் உடம்பு முழுக்கத் தெரியும். அந்தச் சுகத்தை நான் மறுக்கப்போவதில்லை.

இடது பக்கத்து மண் சாலையிலிருந்து ஒரு டி.வி.எஸ். 50, பின்னால் மீன் பெட்டி, ஏறி வந்துகொண்டிருந்தது. நண்பன் கண்ணில் படவில்லை. நான் பார்த்துவிட்டேன். பார்த்தும் வாய் திறக்கவில்லை. "டேய், மெதுவா போடா" என்று சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பானோ என்ற ஒரு கூச்சம், ஒரு நொடி, அதிகம் போனால் ஒன்றரை நொடி. கடைசியில் அவனே பார்த்து ஒடித்தான். வண்டி மேல் படவில்லை. ஆனால் பெரியவர் பதறி மணலில் சாய்ந்தார், மீனெல்லாம் ஐஸோடு சிதறியது. முழங்கையில் சிராய்ப்பு. ஓடிப்போய்த் தூக்கினோம், கையில் இருந்த பணத்தைக் கொடுத்தோம். அவர் திட்டவில்லை. மீனைப் பொறுக்கிக்கொண்டே, "தம்பி, இது நாங்களும் போற ரோடுதாம்ப்பா" என்றார்.

நண்பனைத்தான் இத்தனை வருஷமும் மனசுக்குள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால், பக்கத்து சீட்டில் இருந்தது நான். இடது பக்கம் என் பொறுப்பு.

ஜென்கின்சன் ஆயிரம் மைலும் ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தார். கண்ணால் பார்த்ததை, தெரிந்ததை, தாமதிக்காமல் பக்கத்தில் இருப்பவருக்குச் சொன்னார். ஃபிட்ச் காரை விட்டு இறங்கின பிறகும் அதே வேலையை வேறு மாதிரி செய்தார். இப்போதெல்லாம் யார் வண்டியில் ஏறினாலும், முன் சீட்டில் உட்கார்ந்தால் நான் தூங்குவதில்லை. "பாத்து, லெஃப்ட்ல ஒருத்தர் வர்றார்" என்று சொல்லிக்கொண்டே வருவேன். வீட்டில் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.